கரையைத் தேடி ஹாங்காங்கில் ஒரு பகல்

தொலைதூர விமானப் பிரயாணத்தின் நடுவில், ஒரு விமானத்தை விட்டிறங்கி அடுத்ததில் ஏறுவதற்குள் கிடைக்கும் எட்டோ பத்தோ மணி நேர அவகாசத்தில் ஊரைப் போய்ப் பார்த்து வரலாமா என்று யோசனை கேட்பவர்களுக்கு, உலகத்தின் பெரும்பாலான நகரங்களைப் பொறுத்தவரையில் நான் சொல்லக்கூடிய பதில், விமான நிலையத்திலேயே சௌகரியமான ஓர் ஆசனத்தைத் தேடிப் பிடித்துக் கண்ணயர்வதே உத்தமம் என்பதுதான். ஊருக்கும் விமான நிலையத்துக்கும் இடையிலுள்ள தூரமும், வழியிலுள்ள வாகன நெரிசலும், திரும்பி வந்து மறுபடியும் பரிசோதனை வரிசைகளில் நிற்க வேண்டிய நிர்ப்பந்தமும் சேர்ந்து அந்த அவகாசத்தில் முக்கால் பங்கை விழுங்கிவிட, மிஞ்சிய கால் பங்கில் நாம் காண்பது டாக்ஸியின் ஜன்னலும் நம்முடைய கைக்கடிகாரமுமாகவே இருக்கும். ஹாங்காங் இந்தப் பொது விதிக்கு விலக்கு. விமான நிலைய ரயிலில் ஏறி உட்கார்ந்தால் 24 நிமிஷத்தில் நகரத்தின் நட்டநடுவில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். இறங்கிய இடத்திலிருந்து பார்க்கத்தக்கவை பலவும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் விசேஷம், அவ்வூரில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கென்று ஏற்பட்டிருக்கும் படகும் டிராமும் மலை ரயிலுமே, போய்ச் சேரும் இடங்களைக் காட்டிலும் பார்க்கத் தகுந்தவையாக இருப்பதுதான்.

சொற்ப நேரமே தங்குகிறவர்களுக்கென்று தயாரிக்கப்படும் ஜாபிதாக்களை நான் பார்த்திருக்கிறேன். மலைச் சிகரம், லாந்தாவ் தீவிலுள்ள வெண்கலப் புத்தர், டிஸ்னியின் கேளிக்கைப் பூங்கா, இரவுச் சந்தை, கடைத்தெரு என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிஷம் என்று கணக்கும் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அவற்றில் எதையும் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆயினும் ஒரு துறைமுகப் பட்டினத்துக்குப் போய்விட்டு, அந்தத் துறைமுகத்தைப் போகிற போக்கில் எட்டிப் பார்த்ததோடு திருப்தியடைந்து திரும்புவது, பிரயாணிக்கும் ஊருக்கும் நியாயம் செய்வதாகாது என்பது என் அபிப்பிராயம். ஒரு பகல் மட்டுமே கையில் உள்ளவர், அந்நகரத்தின் பழைய கடற்கரை எங்கே இருந்தது என்று தேடிக்கொண்டு புறப்படுவாரானால், அந்த ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு ஊரின் சரித்திரம், வியாபாரம், தெய்வங்கள், சண்டை சச்சரவுகள் எல்லாவற்றையும் ஓரளவு பார்த்துவிடலாம்.

ஏனெனில் ஹாங்காங் கடலால் உண்டானது. உண்டான நாளிலிருந்து கடலைத் தூர்த்துக்கொண்டே வந்திருப்பதும் அதுவே. அபினி யுத்தத்தின் நடுவே, 1841-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி பிரிட்டிஷ் கடற்படையினர் தீவின் வடகரையில் இறங்கிக் கொடியேற்றினார்கள்; மறு ஆண்டு நான்கிங் உடன்படிக்கையில் சீனச் சக்கரவர்த்தி தீவை எழுதிக் கொடுத்தார்; 1860-ல் எதிர்க்கரையான கவ்லூன் முனை சேர்ந்தது; 1898-ல் அதற்கு வடக்கேயுள்ள பிரதேசம் 99 வருஷக் குத்தகைக்கு வந்தது; அந்தக் குத்தகை தீர்ந்த 1997 ஜூலை 1-ஆம் தேதி எல்லாமே சீனாவிடம் திரும்பின. இத்தனைக்கும் மூலகாரணம், தீவுக்கும் கவ்லூனுக்கும் நடுவே, இருபுறமும் மலைகள் காற்றைத் தடுத்து நிற்க, பெருங்கப்பல்களும் நங்கூரமிடத்தக்க ஆழத்தோடு அமைந்திருந்த நீர்ப்பரப்புத்தான். ஆனால் துறைமுகத்தைக் கொடுத்த அதே மலைகள் வீடு கட்டத் தரையைக் கொடுக்கவில்லை. கரையிலிருந்து சில அடிகளிலேயே நிலம் செங்குத்தாக ஏறத் தொடங்கிவிடுகிறது. ஆகவே மலையை வெட்டிக் கடலில் கொட்டித் தரை உண்டாக்கும் வேலை, குடியேற்றம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே ஆரம்பமாகி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்காமல் நடந்தது. இறங்கிக் கொடி நாட்டிய அந்த முனை இன்று கரையிலிருந்து பல தெருக்கள் உள்ளே தள்ளி இருக்கிறது.

விமானம் வந்து இறங்கும் இடமே இதற்கு முதல் சாட்சி. 1998 ஜூலையில் திறக்கப்பட்ட செக் லாப் கோக் விமான நிலையம், அந்தப் பெயருள்ள ஒரு தீவையும் பக்கத்திலிருந்த சின்னத் தீவொன்றையும் தரைமட்டமாக்கி, சுற்றியிருந்த கடலையும் தூர்த்து உண்டாக்கிய சமவெளி. அதற்கு முன்பிருந்த காய் டாக் விமான நிலையத்தின் ஓடுபாதையும் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டதுதான். அங்கே இறங்கிய விமானங்கள் கவ்லூன் நகரத்து மாடி வீடுகளை உராய்வதைப்போல் தாழ்ந்து திரும்பும் காட்சியைப் பற்றிப் பழைய பிரயாணிகள் இன்னும் அதிசயமாகப் பேசிக்கொள்கிறார்கள். கரையைத் தேடப் புறப்படுமுன் இரண்டொரு லௌகிக விஷயங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் ஊருக்குள் நுழைய விரும்பினால், வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே இணையத்தில் முன்பதிவு செய்து, அந்த அத்தாட்சித் தாளை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிகளை விமான நிலையக் காப்பறையில் விட்டுவிடலாம். ‘ஆக்டோபஸ்’ என்று வழங்கும் கட்டண அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டால் ரயில், டிராம், படகு, பஸ், சில்லறைக் கடை எல்லாவற்றுக்கும் அதுவே போதும். அந்நிய நாட்டு நாணயங்களை உள்ளங்கையில் பரப்பிக்கொண்டு விழிக்கும் அவஸ்தை இல்லை.

ரயிலை விட்டு இறங்கும் ஹாங்காங் நிலையமும், அதன் தலைமேல் 412 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் மாளிகையும், ஒரு காலத்தில் அலையடித்த இடத்தில் இருப்பவையே. அங்கிருந்து தெற்கே, மலையை நோக்கி நடந்தால் தே வூ சாலை குறுக்கிடும். அதன் நடுவே இரட்டை மாடி டிராம்கள் மணியடித்துக்கொண்டு போகும். 1904-ல் தொடங்கிய இந்த டிராம் 1912 முதலே மாடி வைத்துக்கொண்டுவிட்டது. ஊரார் அதன் மணியோசையையே பெயராக்கி ‘டிங் டிங்’ என்கிறார்கள். பின்புறத்துக் குறுகிய வாசலில் ஏறி, வளைந்த படிக்கட்டில் மாடிக்குப் போய், முன்வரிசை ஆசனம் காலியாக இருக்குமானால் அதைப் பாக்கியமாகக் கருதி உட்கார்ந்துகொள்ள வேண்டும். இறங்கும்போது முன்புறம் வந்து கட்டணம் செலுத்தினால் போதும், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், அதுவும் மிகச் சொற்பம்.

மேற்கே கென்னடி டவுனிலிருந்து கிழக்கே ஷாவ் கீ வான் வரையில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தூரம், மேடு பள்ளம் அதிகமில்லாமல், தீவின் வடவோரமாக வளைந்து வளைந்து போகும் இந்தத் தண்டவாளம் ஏன் அப்படி வளைகிறது என்று கேட்டால், நாம் தேடிவந்த விஷயம் கிடைத்துவிடுகிறது. மத்தியப் பகுதியில் தே வூ சாலையும், வான் சாய்ப் பகுதியில் ஜான்ஸ்டன் சாலையும் ஒரு காலத்தில் கடலோரச் சாலைகளாக இருந்தவை; டிராம் அந்தப் பழைய கரையின் வரையைப் பெரும்பாலும் தொடர்ந்து செல்கிறது. அதன் வடபுறத்து ஜன்னலில் தெரியும் கட்டடங்கள் அநேகமாக அத்தனையும் கடல்மேல் நிற்கின்றன. தென்புறத்தில் தெரியும் சந்துகள் மலைமேல் ஏறுகின்றன. வங்கிகளும் கடிகாரக் கடைகளும் முடிந்து, கருவாடும் உலர்ந்த கடற்குதிரையும் ஜின்செங் வேரும் மூட்டை மூட்டையாகக் குவித்து விற்கும் ஷெங் வான் பகுதிக்கு வரும்போது வாடையே திசை காட்டும். கருவாட்டு வாசனைக்குப் பழகாத மரக்கறிக்காரர்கள் கைக்குட்டையை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் இறங்காமல் போய்விட வேண்டாம்.

இங்கே இறங்கித் தெற்கே ஏறினால் பொஸெஷன் தெரு என்ற குறுகிய சரிவு ஒன்று உண்டு. கொடியேற்றிய முனை இருந்த இடம் இதுதான். பெரிய நினைவுச் சின்னங்களை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்து போவார்; தெருவின் தலைப்பில் ஒரு சின்னப் பூங்காவும், அதில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் முதியோர்களும்தான் இருக்கிறார்கள். ஒரு சாம்ராஜ்யம் காலூன்றிய இடத்தை அந்தச் சாம்ராஜ்யமும் கொண்டாடவில்லை, பின்னால் வந்தவர்களும் கொண்டாடவில்லை. அங்கு நின்று கடல் எங்கே என்று வடக்கே பார்த்தால் கட்டடத்துக்கு மேல் கட்டடம்தான் தெரியும்.

ஹாலிவுட் சாலை வழியே சற்றுக் கிழக்கே நடந்தால் மான் மோ கோயில் வரும். கல்விக்குரிய தெய்வத்துக்கும் யுத்தத்துக்குரிய தெய்வத்துக்கும் ஒரே சந்நிதி. 1847-க்கும் 1862-க்கும் இடையில் சீன வியாபாரிகளால் கட்டப்பட்டது. உள்ளே நுழைந்ததும் கண்ணுக்குப் புலப்படுவது தெய்வங்களல்ல. கூரையிலிருந்து வரிசை வரிசையாகத் தொங்கும் ஊதுவத்திச் சுருள்களும், அவற்றின் புகையினூடே சாய்ந்து விழும் வெளிச்சமும்தான். சிவப்புச் சீட்டில் பெயரெழுதிக் கட்டிய இந்தச் சுருள்கள் நாட்கணக்கில் எரிபவை. சாம்பல் தலையில் விழுந்தால் துடைத்துக்கொண்டு பேசாமலிருக்க வேண்டியதுதான். பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் நம்பிக்கை வைக்காத சீன ஜனங்கள் தங்கள் வழக்குகளை ஒரு காலத்தில் இங்கே கொண்டுவந்து, தெய்வத்தின் முன் சத்தியம் செய்து தீர்த்துக்கொண்டார்கள் என்ற செய்தியை அறிந்துகொண்டு பார்த்தால், கோயிலையொட்டியுள்ள கட்டடத்துக்கும் ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. கோயிலின் பக்கவாட்டில் கல் படிக்கட்டாகவே அமைந்த ஏணித் தெரு மலைமேல் ஏறுகிறது. முழங்காலில் பலமுள்ளவர்கள் ஏறலாம். இல்லாதவர்களுக்காகவே என்பதுபோல், கொஞ்சம் கிழக்கே தள்ளி 1993-ல் ஓர் அற்புதம் செய்து வைத்திருக்கிறார்கள். 800 மீட்டர் தூரத்துக்குத் தெருக்களின் மேலாகவே செல்லும் நகரும் படிக்கட்டுத் தொடர் அது. காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை உத்தியோகஸ்தர்களை மலையிலிருந்து இறக்கும். பத்து மணிக்குமேல் திசை மாறி நள்ளிரவு வரை ஏற்றும். ஆகையால் காலையிலேயே போய் நின்று, ஏறவேண்டிய நாம் இறங்கும் ஜன சமுத்திரத்தை வேடிக்கை பார்க்க வேண்டாம், பத்தடிக்கட்டும்.

அந்த நேரம்வரை தேநீர்க்கடையில் உட்கார்ந்திருப்பதே உசிதம். ஆவியில் வேகவைத்த சிறு சிறு பண்டங்களை மூங்கில் தட்டுகளில் வைத்துப் பரிமாறும் ‘டிம் சம்’ உபசாரம் காலையிலிருந்து பிற்பகல் வரை நடக்கும். பண்டத்தைவிடத் தேநீர்தான் முக்கியம்; பு அர் என்னும் கருந்தேநீரை இவ்வூரார் போ லே என்கிறார்கள். முதலில் ஊற்றிய சூடான தேநீராலேயே கிண்ணங்களையும் குச்சிகளையும் அலம்பிக் கொட்டிவிட்டுப் பிறகு குடிப்பது பல இடங்களில் வழக்கம். பக்கத்திலிருப்பவர் நமக்குத் தேநீர் ஊற்றும்போது வாய் திறந்து நன்றி சொல்லாமல், இரண்டு விரலால் மேஜையை மெல்லத் தட்டினால் போதும். புலால் உண்ணாதவர்களுக்கு இது சங்கடமான இடம் என்பதை மறைப்பதற்கில்லை. கீரை என்று கேட்டு வாங்கினாலும் அதில் சிப்பிச் சாறு இருக்கும். பௌத்த சம்பிரதாயப்படி சமைக்கும் மரக்கறி உணவகங்கள் தனியே உண்டு. அங்கே சோயாவாலும் காளானாலும் செய்யும் பதார்த்தங்கள் கவலையில்லாமல் சாப்பிடத் தக்கவை. தோசையின்றி ஒரு பகலும் கழியாது என்பவர்கள் எதிர்க்கரையில் சிம் ஷா சுய் போகும்வரை பொறுத்திருக்கட்டும்.

மத்தியப் பகுதியின் சிலைச் சதுக்கத்தைக் கடக்கும்போது பால் சேட்டரை நினைக்காமல் போகக்கூடாது. கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியர். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து, 1864-ல் ஹாங்காங் வந்து, வங்கிக் குமாஸ்தாவாகத் தொடங்கிப் பெருஞ்செல்வரானவர். கரையோரத்து நிலச் சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 1890 முதல் 1904 வரை இவர் முன்னின்று நடத்திய தூர்ப்பு வேலையால்தான் தே வூ சாலை கடலோரச் சாலை என்ற பதவியை இழந்தது. சதுக்கமும், 1912-ல் அதன் பக்கத்தில் எழும்பிய தூண்வரிசையுள்ள நீதிமன்ற மாளிகையும் தரையைப் பெற்றதும் அதனால்தான். சதுக்கத்துக்குத் தெற்கே ஹாங்காங்–ஷாங்காய் வங்கியின் தலைமையகம், கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் 1985-ல் முடித்தது, எலும்புக்கூட்டை வெளியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வாசலிலுள்ள இரண்டு வெண்கலச் சிங்கங்கள் 1935 முதல் காவலிருப்பவை. ஜப்பானியர் யுத்த காலத்தில் உருக்குவதற்காகக் கொண்டுபோய், யுத்தம் முடிந்த பின் ஒஸாகாவில் கண்டெடுக்கப்பட்டுத் திரும்பியவை. குண்டுத் துகள் பட்ட வடுக்கள் இன்னும் தெரிகின்றன.

நம்முடைய அவகாசம் ஞாயிற்றுக்கிழமையில் வாய்த்தால் சிங்கங்களைவிடப் பார்க்க வேண்டிய காட்சி அந்த வங்கியின் அடியிலேயே இருக்கிறது. கட்டடத்தின் தரைத்தளம் சுவரில்லாத திறந்த மண்டபம். அங்கேயும் சுற்றியுள்ள நடைபாலங்களிலும், பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேஷியாவிலிருந்தும் வீட்டுவேலைக்கு வந்துள்ள பெண்கள், அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிட்டும் பாடியும் தலை வாரிக்கொண்டும் சீட்டாடியும் தங்கள் வாராந்தர விடுமுறையைக் கழிக்கிறார்கள். ஊர் முழுவதும் இவர்கள் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள்; எஜமானர்களின் வீட்டிலேயே தங்கி வேலை செய்ய வேண்டுமென்பது சட்டம்; ஆகவே ஓய்வு நாளில் போவதற்குத் தமக்கென்று ஓர் இடமில்லை. உலகத்தின் மிக விலையுயர்ந்த நிலங்களில் ஒன்றின்மேல், வாரத்துக்கொருநாள், அட்டையை விரித்து அவர்கள் ஸ்தாபித்துக்கொள்ளும் அந்த உரிமையைப் பார்த்த பிறகு மேலே அண்ணாந்து பார்க்கும் ஆவல் எனக்கு உண்டாகவில்லை.

சிகரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபிப்பார்கள். 1888 மே மாதத்தில் ஓடத் தொடங்கிய மலை டிராம், கிணற்றில் கயிற்றின் இருமுனையிலும் வாளி கட்டி இறைப்பதுபோல், ஒரு வண்டி இறங்கும் பாரத்தில் மறு வண்டி ஏறும் ஏற்பாடு. ஏறும்போது உடம்பு பின்னால் சாய்வதால் ஜன்னலுக்கு வெளியிலுள்ள கட்டடங்களெல்லாம் மலைமேல் சரிந்து விழுவதாகத் தோன்றும். முன்வரிசை ஆசனம் கவர்னருக்கென்று ஒதுக்கப்பட்டு, வண்டி புறப்பட இரண்டு நிமிஷம் இருக்கும்வரை வேறொருவரும் அதில் உட்காரக்கூடாது என்றிருந்த காலம் உண்டு. அதைவிடக் கொடுமை, 1904-ஆம் ஆண்டுச் சட்டமொன்று சீனர்கள் சிகரத்தில் குடியிருக்கக்கூடாதென்று விதித்து, இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அமலில் இருந்தது. இன்று வரிசையில் நிற்பதற்குத் தடையில்லை. ஆனால் வரிசைதான் நீளம். கால அவகாசம் குறைந்தவர்கள் மத்தியப் பகுதியிலிருந்து 15-ஆம் எண் பஸ்ஸில் ஏறிப் போவது மேல். மேலே பார்வையிடத்துக்கென்று கட்டணம் வாங்கும் மாடத்தில் ஏறாமல், லுகார்ட் சாலையில் நடக்க வேண்டும். மலையின் விலாவில் தூண் கொடுத்து அமைத்த, வாகன சந்தடி அதிகமில்லாத, மரநிழல் கவிந்த நடைபாதை. அதையும் ஹார்லெக் சாலையையும் சேர்த்து ஒரு சுற்று 3½ கிலோமீட்டர், சாவகாசமாக நடந்தால் ஒரு மணி நேரம். திருப்பம் ஒன்றில் மரங்கள் விலகி, இதுவரை நாம் தரையில் நின்று தேடிய கரை முழுவதும், இருபுறத்திலிருந்தும் ஒன்றையொன்று நெருங்கி வந்து நீரை நெருக்கும் காட்சி ஒரே பார்வையில் விளங்கும். மேகம் இறங்கியிருந்தால் ஒன்றும் தெரியாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இது அடிக்கடி நேர்வதால், கீழேயிருந்து சிகரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே ஏற வேண்டும். தெரியாவிட்டால் வருத்தப்படாமல் படகுத்துறைக்குப் போய்விடலாம்.

படகுத்துறைக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். மத்தியப் பகுதிக்கும் சிம் ஷா சுய்க்கும் இடையே ஓடும் ஸ்டார் படகுக்கு நான் கொடுக்கும் இடம் வேறெதற்கும் இல்லை. இரண்டு மணி நேரந்தான் உண்டு என்று ஒருவர் சொன்னாலும், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதில் ஒரு தரம் போய் ஒரு தரம் திரும்புங்கள் என்றே சொல்வேன். இதன் மூலபுருஷர் தொராப்ஜி நவுரோஜி என்ற பார்சி. ரொட்டி சுடும் தொழிலிலும் ஹோட்டல் தொழிலிலும் பொருள் சேர்த்து, 1888-ல் கவ்லூன் படகுக் கம்பெனியை நிறுவினார். படகுகளுக்கெல்லாம் ஏதாவதொரு நட்சத்திரத்தின் பெயரையே வைத்தபடியால், 1898-ல் கம்பெனியும் நட்சத்திரப் பெயரை ஏற்றது. விடிவெள்ளி, அந்திவெள்ளி என்ற பொருள்படும் பெயர்களோடு பச்சையும் வெள்ளையுமாகப் பூசிய இரண்டடுக்குப் படகுகள் இன்றும் போய்வருகின்றன.

இந்தப் படகுக்கு முன்புறம் பின்புறம் என்ற பேதமில்லை. இரு முனையும் ஒரே அமைப்பு; ஆகவே அக்கரை சேர்ந்ததும் திரும்ப வேண்டியதில்லை, அப்படியே எதிர்த்திசையில் கிளம்பிவிடும். மரப்பலகை ஆசனங்களின் சாய்மானத்தைப் பிரயாணிகளே இப்புறம் அப்புறமாகத் தள்ளிப் போகும் திசைக்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள். அந்தச் சாய்மானத்தில் நட்சத்திர வடிவமாகத் துளைகள் போட்டிருக்கிறது. நீல நிற மாலுமி உடையணிந்த பணியாளர் ஒருவர் நீண்ட கொக்கிக் கழியை நீட்டிக் கரையிலிருந்து வரும் தடித்த வடத்தைப் பற்றி இழுத்துக் குமிழில் மாட்டுவார். சங்கிலிகள் கலகலக்கப் பாலம் இறங்கும். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள். மேல்தட்டுக்குச் சற்று அதிகக் கட்டணம். கீழ்த்தட்டில் இயந்திரத்தின் சூடும் எண்ணெய் வாடையும் உண்டு. ஆனால் நீர் கையெட்டும் அண்மையில் ஓடும். போகும்போது ஒன்றிலும் வரும்போது மற்றதிலும் உட்காருவது என் யோசனை. பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் இந்த யாத்திரையில், சரக்குத் தோணியும் போலீஸ் படகும் மகாவ் போகும் வேகப் படகும் குறுக்கே வரும்; எல்லாவற்றுக்கும் வழிவிட்டு, யாருக்கும் அவசரமில்லாமல் இது போகும்.

1972-ல் கடலடிச் சுரங்கச் சாலை திறக்கும்வரை தீவுக்கும் கவ்லூனுக்கும் நடந்த போக்குவரத்துக்கு இந்தப் படகுகளே கதி. அதனால்தான் 1966-ல் மேல்தட்டுக் கட்டணத்தை ஐந்து காசு உயர்த்தியபோது ஓர் இளைஞர் படகுத்துறையிலேயே உண்ணாவிரதம் உட்கார, அவரைக் கைது செய்ய, கவ்லூன் தெருக்களில் சில நாள் கலகமே மூண்டது. ஐந்து காசுக்காகவா என்று கேட்கலாம். வறுமையும் நெருக்கடியும் ஆட்சியாளரின் அலட்சியமும் வெகுநாளாகக் குமைந்திருந்ததற்கு அந்த ஐந்து காசு ஒரு வாயிலாயிற்று என்பதே சரித்திரக்காரர்களின் கருத்து. படகுத்துறையை முன்னிட்டு அடுத்த கிளர்ச்சி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது. மத்தியப் பகுதியில் மேலும் கடலைத் தூர்ப்பதற்காகப் பழைய படகுத்துறையை 2006 நவம்பரில் மூடி, அதன் மணிக்கூண்டையும் இடித்தபோது, இளைஞர்கள் அங்கே முற்றுகையிட்டார்கள். மணிக்கூண்டு பிழைக்கவில்லை. இன்று நாம் ஏறும் 7-ஆம் எண் துறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பாணியில் வேடமிட்டுக் கட்டிய புதிய கட்டடம். எனக்கு அது பிடிக்கவில்லை, படகு பழையதாக இருப்பதால் மன்னித்துவிடுகிறேன். ஆனால் தூர்ப்பு வேலைக்கு அணை போட்டாகிவிட்டது. ஆட்சி மாறுவதற்குச் சில நாட்கள் முன்பு, 1997 ஜூன் மாதத்தில், துறைமுகத்தைப் பாதுகாக்கும் சட்டமொன்று நிறைவேறியது. தவிர்க்க முடியாத பொதுத் தேவை இருந்தாலொழியக் கடலைத் தூர்க்கலாகாது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு வியாக்கியானம் கூறியது. அதற்குள் துறைமுகம் குறுகலான இடத்தில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாமல் போயிருந்தது.

அக்கரையில் இறங்கியதும் நிற்பது செங்கல்லும் கருங்கல்லும் கலந்து 44 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய மணிக்கூண்டு. 1915-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கான்டன் நகரத்துக்குச் சென்ற ரயிலின் கடைசி நிலையம் இங்கே இருந்தது. ரயிலிலிருந்து இறங்கியவர் நேரே கப்பலில் ஏறலாம். நிலையத்தை 1975-ல் வேறிடத்துக்கு மாற்றிப் பின்னர் கட்டடத்தையும் இடித்துவிட்டு, இந்தக் கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். நிலையம் இருந்த இடத்தில் 1989-ல் எழும்பிய கலாசார மண்டபம், உலகத்தின் மிக அழகிய துறைமுகக் காட்சிகளில் ஒன்றுக்கெதிரே, ஜன்னல் என்பதே இல்லாத சுவரைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதைக் கட்டியவர்களுக்குக் கடலோடு என்ன மனஸ்தாபமோ தெரியவில்லை.

இங்கிருந்து வடக்கே நீளும் நேதன் சாலையில் சிறிது தூரம் நடந்தால் தமிழ்க் காதுகளுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். நான்கு ஸ்தூபிகளோடு வெள்ளைப் பளிங்கில் நிற்கும் கவ்லூன் மசூதி, பக்கத்துப் படை முகாமிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்காக 1896-ல் ஏற்பட்டு, 1984-ல் புதிதாகக் கட்டப்பட்டது. முகாம் இன்று பூங்காவாகிவிட்டது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வருவோரிடையே தாமிரபரணி தீரத்துத் தமிழ் கேட்டால் திகைக்க வேண்டாம். காயல்பட்டினத்து ரத்தின வியாபாரிகள் இந்த வட்டாரத்தில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள்; கடல் கடந்த வாணிபம் அவ்வூராருக்குப் புதிதுமன்று. சற்றுத் தள்ளி மோடி சாலை என்று ஒரு பலகை தெரியும். 1911-ல் தொடங்கிய ஹாங்காங் சர்வகலாசாலைக்குப் பெருநிதி கொடுத்த பம்பாய்ப் பார்சி ஹோர்மஸ்ஜி மோடியின் பெயர் அது. மசூதிக்கு எதிர்ப்புறத்தில் சுங்கிங் மாளிகை என்ற 17 மாடிக் கட்டடம். அதனுள் இட்லி முதல் ஆப்பிரிக்கத் துணிமணி வரை கிடைக்கும். பணப்பையை உள்சட்டையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்து வரலாம்.

மேலும் வடக்கே யாவ் மா தே என்ற பகுதியில், இரவுச் சந்தைக்குப் போகிறவர்கள் கவனிக்காமல் கடந்துவிடும் மைதானமொன்றில் ஆலமரங்களின் கீழே தின் ஹாவ் கோயில் இருக்கிறது. தின் ஹாவ் கடலோடிகளைக் காக்கும் தேவி. புயலிலிருந்து கப்பல்காரர்களை மீட்டதாகச் சொல்லப்படும் ஃபூஜியன் நாட்டுக் கன்னி தெய்வமாக உயர்ந்தவள். தென்சீனக் கரையெங்கும் செம்படவர்கள் அவளுக்குக் கரையோரத்திலேயே கோயில் எடுத்தார்கள், கடலைப் பார்த்தபடி. யாவ் மா தே கோயிலின் முன்னாலும் ஒரு காலத்தில் தோணிகள் கட்டிக்கிடந்தன. இப்போது வாசலில் நின்றால் எதிரே சதுரங்கக் காய் நகர்த்தும் கிழவர்களும், அவர்களுக்கப்பால் தெருக்களும், தெருக்களுக்கப்பால் இன்னும் புதிய தெருக்களும்தான். கடல் ஒரு கிலோமீட்டருக்கும் மேலே விலகிப் போய்விட்டது. தீவிலும் இப்படியே; வான் சாயில் குவீன்ஸ் சாலையோரம் பெரும் பாறையொன்றில் சாய்ந்துகொண்டிருக்கும் ஹுங் ஷெங் கோயிலும் கடல் தேவதைக்குரியது, அதற்கும் கடல் தெரியாது. ஹாங்காங்கில் பழைய கரையைக் கண்டுபிடிக்க நிலப்படம் வேண்டியதில்லை. கடல் தெய்வம் குடியிருக்கும் கோயிலைத் தேடிப் போனால், அலை அங்கே வந்து சென்ற இடம் அதுதான்.

இரவு எட்டு மணிக்கு இரு கரை மாளிகைகளும் விளக்கை ஏற்றியணைத்து நடத்தும் ஒளிவிளையாட்டைப் பார்க்கக் கரையில் பெருங்கூட்டம் கூடும். அதற்காகவென்று காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரணமாக எரியும் விளக்குகளே போதுமானவை. ஓர் இரவு தங்கும்படியான வசதி உடையவர்கள் மறுநாள் காலையில் தீவுப் படகொன்றில் ஏறி, மோட்டார் கார்கள் இல்லாத செங் சாவ் தீவுக்குப் போய் மீன்பிடித் துறையைப் பார்க்கலாம். அல்லது டயமண்ட் ஹில்லில், ஆணியில்லாமல் மரத்தாலேயே தாங் வமிசகாலப் பாணியில் மீண்டும் கட்டிய சி லின் பிக்ஷுணி மடத்தையும், பக்கத்துத் தோட்டத்தில் அருவிக்குப் பின்னாலிருக்கும் மரக்கறி உணவகத்தையும் நாடலாம். கோடையிலும் இலையுதிர் காலத்தின் முற்பகுதியிலும் புயல் எச்சரிக்கை 8-ஆம் எண்ணுக்கு ஏறினால் படகு, டிராம் எல்லாம் நின்றுவிடும். அன்றைக்கு நான் முதலில் சொன்ன விமான நிலைய நாற்காலிதான் உத்தமம்.

திரும்பும்போது ரயிலிலோ நேதன் சாலையில் ஏறும் ஏ 21 பஸ்ஸிலோ தூங்கிவிடாமல் விழித்திருந்தால், கவ்லூனைத் தாண்டியதும் க்வாய் சுங் வரும். வானளாவிய பாரந்தூக்கிகளின் கீழே, வண்ண வண்ணக் கன்டெய்னர்கள் மலைபோல் அடுக்கிக் கிடக்க, இரவு பகலாகக் கப்பல்களை ஏற்றியிறக்கும் இடம் அது. 1972-ல் தொடங்கி, 1990-களில் பல ஆண்டுகள் உலகத்திலேயே மிக அதிகக் கன்டெய்னர்களைக் கையாண்டது. காலை முதல் நாம் கடந்த நீர்ப்பரப்பில் சரக்குக் கப்பல் அதிகம் காணோமே, இவ்வளவு பெரிய துறைமுகம் வேலை செய்வது எங்கே என்று யோசித்தவர்களுக்கு அங்கே பதில் கிடைக்கும். அதைக் கடந்து, 1997-ல் கட்டி முடித்த, 1,377 மீட்டர் இடைவெளியை ஒரே தாவலில் தாண்டும் சிங் மா தொங்குபாலத்தின்மேல் வண்டி ஏறும். மேல்தட்டில் மோட்டார்கள், உள்தட்டில் ரயில். பஸ்ஸில் போகிறவர்கள் மாடியில் இடப்புறமாக உட்கார்ந்துகொள்ளட்டும். கப்பல்கள் வரிசையாக உள்ளே நுழையக் காத்து நிற்பது அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.